ஒன்பதாம் நம்பர் கேமரா

ஃபஹாஹீலில் நான் காவல் இருக்கும் கட்டடத்தின்
பக்கச் சுவரில், தெருவைப் பார்த்து
ஒரு ஃபிரிட்ஜ் நிற்கிறது.
இறந்துபோன கணவர் பேரில் அதை வைத்தவர்
மூன்றாம் மாடி உம்மு தலால்.
பூட்டு கிடையாது.
வேண்டியதை எடு, முடிந்ததை வை என்று
அரபியிலும் உருதுவிலும் ஒட்டியிருக்கிறது.
நேர் மேலே ஒரு கேமரா.

போன ஆகஸ்டு வெயிலில் அது செத்துப்போனது.
சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது,
அது வேறு ஒயர்.
கொட்டேஷன் தருகிறேன் என்று போன கம்பெனிக்காரன்
போனவன்தான்.
சங்கதி தெரிந்தவன் நான் ஒருவன்.

என் அறை ஜன்னலில் கொசுவலை, உள்ளே இருட்டு.
வெளியிலிருந்து பார்த்தால் நான் இல்லை.
கடவுள் வேலையும் இப்படித்தான் இருக்குமோ:
மூட்டுவலி, ஆறிய டீ,
எல்லாம் தெரியும், எழுந்து போக முடியாது.

டெலிவரி பைக் பையன் ஒரு லபன் எடுக்கிறான்.
ஒன்றுதான் என்று
கேமராவுக்குத் தூக்கிக் காட்டிவிட்டு
அப்புறம் குடிக்கிறான்.
முக்காடு இழுத்து வரும் வேலைக்காரப் பெண்
இரண்டு ஆப்பிள் எடுத்து, நாலு எட்டு நடந்து,
திரும்பி வந்து ஒன்றை வைக்கிறாள்.
கணக்கர் சிவசைலம்
விருந்தில் மிஞ்சிய பிரியாணியை
முன்வரிசையில் அடுக்குகிறார்,
முகத்தை நன்றாக மேலே காட்டி.
எடுக்கிறவர்களைவிடக் கொடுக்கிறவர்கள்தான்
அதிக நேரம் கேமராவைப் பார்க்கிறார்கள்.
எட்டு மாசத்தில் நான் கற்றது இது.

ஒருவன் ஆறு ஜூஸையும் அள்ளிப் பையில் போட்டான்.
இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.
விற்றிருப்பான்.
அறையில் ஆறு பேர் இருந்திருக்கலாம்.
பார்த்தது நான்தான்,
தெரிந்தது ஒன்றுமில்லை.

ரமலானில் கதவு மூட முடியாத அளவு நிறைகிறது.
பெருநாள் முடிந்த மூன்றாம் நாள்
ஒரு எலுமிச்சம்பழம், பாதி வெட்டியது.
மாம்பழம் மாதிரி
புண்ணியத்துக்கும் சீசன் இருக்கிறது.
வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கி சொல்வதும்
பக்கத்துத் தெரு வில்லாவின் நிலவறையில்
மலையாளத்தில் ஜெபிப்பதும்
சுற்றிச்சுற்றி இதே ஃபிரிட்ஜைத்தான் என்று படுகிறது.
என் சுடலைமாடன் வரவில்லை.
அவருக்குப் பாஸ்போர்ட் இல்லை.
வந்திருந்தால் அவரும் ஹாரிஸ்தான்,
ராத்திரி ஷிப்ட்.

கஃபீல் போனை எடுக்காத இரண்டாம் மாசம்.
ராத்திரி இரண்டு மணி, தெருவில் பூனைகூட இல்லை.
நான் போனேன்.
குபூஸ் ஒரு கட்டு, பாலாடைக்கட்டி ஒரு பெட்டி.
கை வைப்பதற்கு முன்
கழுத்து தானாக நிமிர்ந்தது.

ஒயர் அறுந்தது எனக்குத் தெரியும்.
உள்ளே எறும்பு குடியிருப்பதும் தெரியும்.
இருந்தும் நின்றேன்,
அந்தச் சிவப்புப் புள்ளிக்கு எதிரே,
பாலாடைக்கட்டியை உயர்த்தி
ஒன்றுதான் என்று காட்டினேன்.
பயமா, பழக்கமா,
யாராவது பார்த்தால் தேவலை என்ற ஆசையா.
இன்னும் பிரித்தெடுக்க முடியவில்லை.
அந்த நேரம் என் ஜன்னலில்
நான் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

மறுநாள் புழுதிக்காற்று.
ஏணி போட்டு ஏறிக்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
மாடியிலிருந்து உம்மு தலால் எட்டிப் பார்த்தார்.
'கேமரா ஜைன்?'
புதிது வாங்கிப் போட அவரிடம் காசு உண்டு.
நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

'ஜைன் மேடம், ரொம்ப ஜைன்.'

பொய்.
சொல்லும்போது அதன் கண்
என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.