ஒன்றரை அடி

மழைக்கு மழை நகர்ந்தது வேலி.
கதியால் மாத்துறன் எண்டுதான் சொல்லுவாள் தவமலர்;
ஒவ்வொரு மார்கழியும்
என் முருங்கை அவளை ஒரு விரற்கடை நெருங்கும்.

விதானையிடம் போனேன். இணக்கசபையில்
மூன்று ஞாயிறு வாங்கில் குந்தியிருந்தேன்.
அவள் வந்தது ஒரே நாள்,
அதுவும் வெற்றிலைக்குத் தண்ணி விட்ட சேற்றுக் காலோடு.

கடைசியில் காப்பை அடகு வைத்து
சேவையரைக் கூட்டி வந்தேன்.
களுதாவளை மணலைக் கிண்டிக் கல்லுத் தேடி,
உறுதியை விரித்து, நாடா பிடித்து,
மனிசன் தொப்பியைக் கழற்றினார்:
"முருங்கை உங்கடதான் அக்கா.
ஆனா பின்னுக்குக் குசினி
ஒன்றரை அடி அங்கால நிக்குது."

அம்மா எனக்குச் சீதனம் தந்த குசினி.

தவமலர் சிரிக்கவில்லை. அதுதான் பொறுக்கவில்லை.
கொக்கத்தடியைச் சாத்திவிட்டு
உள்ளே போய்விட்டாள்.

மறுகா அந்தப் பிளானை
இரண்டு பேரும் எவருக்கும் காட்டவில்லை.
வேலி நின்ற இடத்திலேயே நிற்கிறது,
முருங்கைக்காய் அவள் சட்டியில்.

இரவு கடுகு தாளிக்கையில்
என் இடது கால் அவள் காணியில்.
கோழியை அதட்டும் சாட்டில் குரல் வரும்:
"என்ர வளவுக்க என்ன கருகுது?"

கொள்ளியை வெளியே இழுக்கிறேன்.