போகவர

இரண்டு நாடுகள் கையெழுத்து வைத்த மறுநாள்
எனக்கு வழக்கம்போல ஆறரைக்கு வேலை.
திருகோணமலை இறங்குதுறையில்
மூதூர் லாஞ்சிக்கு ரிக்கற் கிழிப்பது.

றேடியோவில் இரவு முழுக்க அதே செய்தி.
பெரிய நாடு, சின்ன நாடு, நடுவில் ஒரு மேசை.
கடிதத்தில் எங்கள் குடாவும் வருகிறதாம்:
எவருடைய கப்பல் வரலாம், எவருடையது வரக்கூடாது.
எண்ணெய்க் குதங்களும் வருகின்றனவாம்.
லாஞ்சியைப் பற்றி ஏதும் உண்டா என்று
பேப்பர்ப் பொடியனைக் கேட்டேன்.
சைக்கிளில் ஒரு கால் ஊன்றியபடி
எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு
"இல்லையக்கா" என்றான்.

சண்டைக்காலத்தில், லாஞ்சியை ஓடவிட்ட நாட்களில்,
ஒருவரும் போகவர கேட்டதில்லை.
ஒருவழி. ஒருவழி. பிள்ளைக்கு அரை, அதுவும் ஒருவழி.
திரும்பி வருவதை முன்கூட்டியே காசு கொடுத்து வாங்க
ஆருக்குத் துணிவிருந்தது.
மஞ்சள் புத்தகம் ஒருவழிக்கு. பச்சை, போகவரவுக்கு.
பச்சையின் மூலையைப் பூச்சி தின்று
அரைவட்டம் ஆக்கியிருந்தது.

அன்று முதலில் வந்தவர் தையல்காரர் இரத்தினவடிவேல்.
சாக்கில் சுற்றிய மெஷின் தலை தோளில்.
இரண்டு வருசமாகப் பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்து
அகதிப் பிள்ளைகளின் கால்சட்டைகளை
அதில்தான் அடித்துக் கொடுத்தார்.
சல்லியை எண்ணி வைத்தார்.
வாயைத் திறந்தார், மூடினார்.
பிறகு, கடன் கேட்பவர்போல,
"போகவர ஒண்டு தாங்கோ, தங்கச்சி."

புத்தகத்தைத் தேடி எடுத்து ஊதினேன்.
முதல் தாள் ஈரத்தில் அடுத்ததோடு ஒட்டியிருந்தது.
அடிமட்டம் வைத்துக் கிழித்தேன்.
தேதி முத்திரை பழைய வருசத்தில் இறுகிக் கிடந்தது;
பேனையால் எழுதினேன்.
கையெழுத்தும் வைத்தேன்.
சட்டப்படி அது தேவையில்லை.

அதற்குப் பிறகு வரிசை.
சித்தி றபீக்கா, இரண்டு கோழியும் ஒரு சுவர்க்கடிகாரமும்.
மீன் வியாபாரி பியதாசவுக்குச் சொல் வரவில்லை,
கையை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார்.
சென்ரியில் நின்ற ஆமிக்காரப் பொடியன்
கடிகாரத்தை வாங்கி, குண்டா என்று பார்க்கிறான் என நினைத்தோம்,
ஓடுதா என்று காதில் வைத்துப் பார்த்தான்.

குடாவுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல்.
பெரிய நாட்டினுடையது.
பக்கத்தால் போகையில்
ஆடியது லாஞ்சிதான்.

பின்னேரம் நாலரைக்குக் கடைசி லாஞ்சி வந்தது.
நாற்பத்தொரு போகவர விற்றிருந்தேன்.
திரும்பிய பாதிகள் முப்பத்தெட்டு.
இரண்டாம் தரமும் எண்ணினேன். முப்பத்தெட்டு.

முன்னரென்றால் அந்த மூன்றும்
நெஞ்சுக்குள் இறங்கும்.
எந்தச் சந்தி, எந்த முகாம், ஆர் போய் வீட்டில் சொல்வது.
அன்றும் அப்படித்தான் தொடங்கியது.
ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது,
பழக்கமில்லாத ஆள் கதவைத் தட்டுவதுபோல:
சுவர் நின்றிருக்கலாம்.
கிணற்றில் வாளி விட்டுப் பார்த்திருக்கலாம்.
எங்கோ ஒரு பலகையில் மெஷின் தலையைப் பூட்டி
எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கையில்
லாஞ்சி ஊதிவிட்டுப் போயிருக்கலாம்.

அந்த மேசையில் வைத்த மை
மழைக்காலம் தாண்டவில்லை என்று
நீங்கள் இப்போது சொல்வீர்கள். தெரியும்.
நான் சொல்வது அந்தப் பின்னேரத்தை.

போகவர ரிக்கற்றின் பின்பக்கத்தில்
அன்றைக்கு மட்டுமே செல்லும் என்று
சிவப்பில் அச்சடித்திருக்கும்.
கணக்குக் கொப்பியில், வராத மூன்றுக்கு நேரே,
மேலிடத்தை ஒரு வார்த்தை கேளாமல்
எழுதினேன்:
நாளையும் செல்லும்.