சிங்கம் இல்லை

கிளிநொச்சி, கண்டி வீதி,
செல்லையாப் பத்தரின் கடை மேசையில்
உரப்பையைக் கவிழ்த்தேன்.
ஆறு முள்ளுக்கரண்டி, ஐந்து கரண்டி,
மீனுக்கென்று ஒரு கத்தி,
மூடி தொலைந்த தேத்தண்ணிக் கேத்தல்.

கண்ணில் வில்லையை இடுக்கிக்கொண்டு
ஒரு காம்பின் பின்புறத்தைத் தேடினார்.
"இங்கிலீசுச் சாமான். வெள்ளியெண்டால்
சிங்கம் குத்தியிருப்பான் பிள்ளை. சிங்கம் இல்லை.
ஈ, பி, என், எஸ். நாலு எழுத்துத்தான்.
உள்ளுக்கு நிக்கல். மேலே பூச்சு."

சிங்கம் இல்லையென்று
வன்னியில் முதன்முதலாய்க் கவலைப்பட்டவள்
நானாகத்தான் இருப்பேன்.

கரண்டிக் குழியின் அடியில்,
மேசையில் உரசுமிடத்தில்
மங்கல் மஞ்சள் எட்டிப் பார்த்தது.
அது மேசை தேய்த்ததில்லை.
சாம்பலும் தேசிக்காயும் போட்டு
மாதாமாதம் அம்மா மினுக்கியது.

நான் முகமாலையில் வெடி அகற்றுகிறவள்.
என் கருவிக்கு எல்லாம் ஒரே சத்தம்:
ஆணி, மிதிவெடி, சோடாப் போத்தல் மூடி.
தோண்டின பிறகுதான் பெயர்.

மாங்குளம் ரெஸ்ட் ஹவுசில் அப்பப்பா கோக்கி.
மூன்று மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
துரை ஒருவன் கொடுத்துவிட்டுக் கப்பலேறினான்.
பின்னிக் கிடக்கும் அவன் பெயரெழுத்து
காம்பில் இன்னும் தேயவில்லை.
கொடுத்தவனுக்குத் தெரிந்திருக்கும்.

தர்மபுரத்தில் தையல் மெசினை விட்டோம்.
இரணைப்பாலையில் அம்மியை.
இந்தப் பை மட்டும் அம்மாவின் இடுப்போடு
மாத்தளன் வரை வந்தது.
அங்கே ஒரு கரண்டிக்கு
ஒரு பால்மாப் பக்கற்.
அந்த மனிதர் பல்லில் கடித்துப் பார்த்து,
வானத்தையும் ஒருமுறை பார்த்து,
சரி என்றார்.
அந்தப் பாலில் தம்பி பிழைத்தான்.
இந்த வருசம் ஏ.எல். எடுக்கிறான்.

"நிறுத்துத் தந்தால் பழைய இரும்புக்காரன் எடுப்பான்,"
பத்தர் வில்லையைக் கழற்றினார்.
"கேத்தலுக்கு மூடி இருந்தால் வேற கதை.
ஆறாவது கரண்டி எங்கே?"

எங்கே?
அந்த மனிதர் தப்பியிருந்தால்
யாரோ ஒரு பத்தருக்கு முன்னால்
என்னைப்போல நின்றிருப்பார்,
ஒற்றைக் கரண்டியோடு.
பால்மாவைத் திருப்பிக் கேட்க
எங்களைத் தேடியிருப்பாரோ.

வீட்டுக்கு வந்தேன்.
"பத்தர் என்ன சொன்னவர்?"
"யோசிச்சுச் சொல்லுறாராம்."
"யோசிக்கட்டும். நல்ல சாமான்.
பையை இங்காலை தா,"
என்ற அம்மாவின் கையில்
பாதி வெட்டின தேசிக்காய்.