ஈரம் பதினாறு

ஆக்கங்களை எதிர்பார்க்கிறோம் என்றது சஞ்சிகையின் அறிவிப்பு.
கவிதை நாற்பது வரிக்குள்.
ஓவியம் எதுவாயினும், தெளிவாகப் படமெடுத்து.
இது என் சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளிவராதது
என்றொரு உறுதிமொழி, கையொப்பத்தோடு.
தன்குறிப்பு ஐம்பது சொல்.

கவிதையை ஒரு மாதம் திருத்தினேன்.
நிலவை மூன்றுதரம் எடுத்து
நாலுதரம் வைத்தேன்.
தன்குறிப்புத்தான் பாடாய்ப் படுத்தியது.
சம்மாந்துறை. நெல்லாலை. தராசடி. நிறுவை எழுதுபவள்.
ஐந்து சொல்லில் முடிந்துபோனேன்.
மீதி நாற்பத்தைந்துக்கு எங்கே போக?

ஓவியம் முன்பே இருந்தது.
வெட்டு மெசினுக்குப் பின்னால் கொக்குகள்,
லொறி வராத ஒரு பின்நேரம்
பழைய நிறுவைத் துண்டின் முதுகில்
நீலப் பேனையால் கீறியது.
ஏழு கொக்கு. ஒன்றுக்குக் கால் சரிவரவில்லை,
சேற்றுக்குள் நிற்கிறதென்று விட்டுவிட்டேன்.

தம்பிதான் போனில் எடுத்து அனுப்பித் தந்தான்.
"எந்தப் பக்கமெண்டு தெரியல்ல தாத்தா,
ரெண்டையும் போட்டுட்டன்."

பெரும்போகத்தில் அனுப்பியதற்கு
சிறுபோகப் பயிர் குடலைக்கு வந்த நேரம்
பதில் வந்தது.
கவிதை இம்முறை இடம்பெறவில்லை.
கொக்குகள் நன்று, எனினும் பக்கமில்லை.
மற்றப் படைப்பு எங்களை உலுக்கிவிட்டது.
எத்தனை இறுக்கம்! அந்தக் கடைசிக் கோடு!
முழுப்பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

மற்றப் படைப்பா?

உதுமாலெவ்வை, மல்கம்பிட்டி வெளி.
மூடை பதினொன்று.
ஈரம் பதினெட்டு.
கழிவு மூடைக்கு மூன்று கிலோ.
உரக்காசு வரவு வைத்தது.
வெட்டுக்கூலி வரவு வைத்தது.
கைக்கு ———

அந்தக் கோட்டை நான்தான் கீறினேன்.
அறுவடை நாளில் முப்பது கீறுவேன்,
கை ஒருநாளும் நடுங்கியதில்லை.
எழுத்தும் என்னுடையதுதான்.
உறுதிமொழியில் கையொப்பமும் போட்டாயிற்று.
ஆனாலும் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

தவிடு வாங்க வந்தார் உதுமாலெவ்வை.
போனை நீட்டினேன்.
தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி,
கடைசிவரை போய்
திரும்ப மேலே வந்தார்.
கோபிப்பார் என்று நினைத்திருந்தேன்.
என்ட கடன ஊரெல்லாம் காட்டப்போறியா
என்று கேட்டால் சொல்ல
ஒரு பதிலும் பாடமாக்கி வைத்திருந்தேன்.

"ஈரம் பதினெட்டெண்டு போட்டிருக்காய்."

ஓம், என்றேன்.

"ரெண்டு நாள் தார் ரோட்டுல காயவச்ச நெல்லு புள்ள.
பதினாறு. அண்டைக்கே சொன்னன்."

உங்கட பேரை எடுத்துவிடவா காக்கா?

"பேர் கிடக்கட்டும்.
பதினாறெண்டு போடச் சொல்லு."

தவிட்டு மூடையைச் சைக்கிளில் ஏற்றினார்.
பின்சக்கரம் காற்றில்லாமல் அமுங்கியது, இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்.

ஈரமானியின் பற்றரி செத்துக் கிடந்த கிழமை அது.
எல்லாருக்கும் பதினெட்டைப் போடு என்றார் முதலாளி.
போட்டேன்.

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,
தாங்கள் தெரிவுசெய்த படைப்பில் ஒரு பிழை.
மூன்றாம் வரி பதினெட்டல்ல, பதினாறு.
ஆகவே நாலாம் வரியில் மூன்றல்ல, ஒன்றரை.
பதினொரு மூடைக்கும் பதினாறரைக் கிலோ
அவருக்குத் திரும்பச் சேரவேண்டும்.
ஆதலால் கடைசியில் கோடு வராது,
ஒரு தொகை வரும்.
அது எவ்வளவென்று நாளைக்கு
முதலாளியிடம்தான் கேட்க வேண்டும்.
நான் மறுபடி எழுதும்வரை
அந்தப் பக்கத்தை அச்சுக்கு விடாதீர்கள்.
எழுதவே இல்லையென்றால்
தன்குறிப்பில் நாலாவது ஐந்தாவது சொற்களை வெட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
மு. றிஸ்மியா.

பிற்குறிப்பு: ஏழாவது கொக்குக்கு
கால் கீறிவிட்டேன். அனுப்பவா?