கால் அங்குலம்

முதல் பிழை கணக்கில்.
வங்கியில் பதினான்கு வருடம் காசு எண்ணுகிற நான்
ஐந்து அங்குலச் சதுரம், வரிசைக்குப் பதினாறு,
ஆகவே எண்பது என்று கடதாசியில் எழுதி வைத்தேன்.
தைத்து முடித்து அளந்தால்
எழுபத்திரண்டரை.

திரும்ப அளந்தேன். நாடாவைச் சந்தேகித்தேன்.
ஒட்டுகிற ஒவ்வோர் ஓரத்திலும்
இந்தத் துண்டு கால், அந்தத் துண்டு கால் என்று
அரை அங்குலம் உள்ளே போய்விடுகிறது.
தொலையவில்லை.
திருப்பிப் பார்த்தால்
முதுகில் வரிசையாக நிற்கிறது எல்லாம்.

"கொழும்பில ஆருக்கப்பா போர்வை?"
மின்விசிறியை ஐந்தில் வைத்துக்கொண்டு
துஷ்யந்தன் கேட்டார்.
ஏப்ரல் மாதம். தலையணையும் வியர்க்கும் வெள்ளவத்தை.
மூன்றாம் மாடியில் நான் பஞ்சு விரித்துக்கொண்டிருந்தேன்.
என்னிடம் பதில் இல்லை,
இப்போதும் இல்லை.

இரண்டாம் பிழை சிவப்பு.
மஹரகமவில் கிலோக்கணக்கில் வாங்கிய வெட்டுத்துண்டு,
எங்கோ ஒருத்தியின் கோடைச் சட்டையாகாமல் மிஞ்சியது.
கழுவாமல் தைத்தேன்.
முதல் தண்ணீரிலேயே அது பக்கத்து வெள்ளையிடம்
எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.
உப்புப் போட்டேன். வினாகிரி போட்டேன்.
சொன்னது சொன்னதுதான்.

மூன்றாவதோடு எண்ணுவதை விட்டேன்.
குண்டூசிகளைக் குத்தியபடி விட்டுத் தூங்கினால்
விடியுமுன் கடற்காற்று தன் வேலையைச் செய்துவிடும்:
ஊசி இருந்த இடமெல்லாம் துருப்புள்ளி.
மூலைவாட்டில் வெட்டிய முக்கோணம்
இழுத்த பக்கம் எல்லாம் வந்தது.
எட்டு முனைகள் சந்திக்கவேண்டிய நட்சத்திரத்தில்
ஏழு சந்தித்தன.
எட்டாவது சற்றுத் தள்ளி நின்று பார்த்தது,
கலியாண வீட்டில் கோபக்காரச் சித்தப்பா மாதிரி.

பிறகு மேல்நூல் அறத் தொடங்கியது.
ஒரு சாண் ஓடும், டப்.
துணி உதட்டைச் சுழித்துக்கொள்ளும்.
கீழ் வீட்டு பசீனா டீச்சர்
தும்புத்தடியால் கூரையில் மூன்று தட்டு.

மெஷினைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன்.
திருத்துகிற லக்மால் ஒரு தையல் ஓடிப் பார்த்தான்.
"டென்ஷன் வெடி, மிஸ்."

வெடி.
அவன் மொழியில் அது 'கூட' என்கிற சொல், அவ்வளவுதான்.
அதற்குள் என் காது
வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டது.
காலி வீதியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.
அவன் கவனிக்கவில்லை.
திருகை இடப்பக்கம்
அரைச் சுற்றுச் சுற்றினான்.
நூல் அதன்பின் அறவில்லை.
ஐந்நூறு ரூபாய்.

பிரிப்பதில்தான் எனக்குக் கை வந்தது.
தையலின் அடியில் முள்ளை நுழைத்து
நாலுக்கு ஒன்று அறுத்து
மறுபக்க நூலை இழுத்தால்
ஒரு மூச்சில் வந்துவிடும், துணிக்கு நோகாமல்.
ரயில் போகும்போது மட்டும் கையை எடுக்கவேண்டும்;
கட்டிடம் கொஞ்சம் நடுங்கும்.

ஓரத்தை நேராக்க வெட்டினேன்.
எதிர் ஓரம் கோணியது.
அதை வெட்டினேன்.
இரண்டு பேர் கட்டிலுக்கென்று தொடங்கியது
ஒருவர் கட்டிலுக்கு ஆனது,
பிறகு தொட்டிலுக்கு,
எங்கள் வீட்டில் தொட்டில் இல்லை.
கடைசியில் முப்பத்தொன்றுக்கு இருபத்தேழு.
இளஞ்சிவப்பு, துருப்புள்ளி,
ஏழு முனை நட்சத்திரம்.

நாலாக மடித்து
மெஷினுக்கு அடியில் வைத்தேன்.
இரவு பத்து மணிக்கு
இரண்டு வரிசை ஓடிப் பார்த்தேன், காதைக் கொடுத்து.
கீழிருந்து தட்டு இல்லை.

அடுத்ததற்கு
ஐந்தரை அங்குலமாக வெட்டப்போகிறேன்.
துணிகளை முதலிலேயே கழுவிக்
கொடியில் போட்டிருக்கிறேன்.
சிவப்பு தனியாக வாளியில் ஊறுகிறது.
நாலாம் தண்ணீர் இது.
இன்னும் விடுகிறது.