கலவைக்கு ஒரு சொல்

தாய்நாடு என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை.
அங்கே கட்டணம் குறைவு என்றார் அப்பா.
பட்ராஸ் கல்லூரிக்கு எனக்கு
நானூற்றுச் சொச்சம் மதிப்பெண் போதவில்லை.
அம்மா இரண்டு போர்வையும்
ஒரு டப்பா ஆலிவும் கட்டித் தந்தாள்,
அல்பேனியாவில் ஆலிவே காய்க்காததுபோல.

இரவுப் பேருந்து. ககவியா எல்லையில்
முதல்முறையாக என் வரிசை சின்னதாக இருந்தது.
முத்திரை குத்தியவன் முகத்தைப் பார்க்கவில்லை.
அதற்காகவே அவனைப் பிடித்திருந்தது.

திரானா. மூன்றாம் எண் ஜன்னல்.
என் சான்றிதழ்கள், அவற்றின் மொழிபெயர்ப்பு,
மொழிபெயர்ப்பு சரிதான் என்று
நோட்டரி குத்திய ஈர முத்திரை.
'எல்லாம் சரியாக இருக்கிறதா?'
அந்த அம்மாள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.
காகிதங்களை அள்ளிக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.
பின்னாலேயே ஓடிவந்தாள், மூச்சு வாங்க:
'ஆமாம் என்றுதானே சொன்னேன், பெண்ணே!'

இங்கே ஆமாம் அப்படித்தான் ஆடும்.
அப்பா அதைக்கூட மாற்றிக்கொண்டிருக்கிறார்.
எந்த வருடம் என்று தெரியவில்லை,
எந்த முதலாளியின் முன்னால் என்றும்.

வருகைப் பதிவேட்டில் எர்மிரா பிரெங்கா
மூன்று நாள் வரவே இல்லை.
இரண்டாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.
பன்னிரண்டு வருடம் பள்ளியில் நான் இரினி.
முதல் வகுப்பு டீச்சர் வாயில் அதுதான் வந்தது,
அம்மாவும் தலையாட்டியிருக்கிறாள்.
(எந்தத் தலையாட்டல் என்று இப்போது சந்தேகம்.)

விடுதியில் ஃபத்மிரே, குகேஸ்காரி.
'உன் பேச்சில் சமையல் இருக்கிறது,
சண்டை இருக்கிறது, வீட்டு வாடகை இருக்கிறது.
மற்றதெல்லாம் எங்கே போயிற்று?' என்றாள்.
அவள் நர்ஸ் படிப்பு முடித்து ஸ்டுட்கார்ட் போகிறாள்.
மாடியில் ஆறு பேர் போகிறார்கள்.
நீ ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்டபோது
நகரும் படிக்கட்டில் எதிர்த்திசையில்
ஏறுகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
பட்ராஸில் பிறந்தவள் எங்கிருந்து திரும்புவது,
அதையும் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

புதன்கிழமை ஆய்வகம்.
மேசையில் மணல், சிமெண்ட், தண்ணீர், ஒரு கரணை.
'குழைத்தால் வருவதன் பெயர்?'
கேள்வி அவ்வளவு எளிது,
அதனாலேயே யாரும் வாய் திறக்கவில்லை.
எனக்குத் தெரியும்.
இது எங்கள் வீட்டுச் சொல்.
ஞாயிற்றுக்கிழமையும் அப்பாவின்
நகக்கண்ணில் ஒட்டியிருந்த சொல்.
எழுந்து நின்று சொன்னேன்: லாஸ்பி.

சிரிப்பு பின்வரிசையில் தொடங்கியது.
'அது கிரேக்கச் சொல்' என்றார் விரிவுரையாளர்,
பலகையில் லாச் என்று எழுதினார்.
குரலில் கேலி இல்லை. இருந்திருக்கலாம்.

இரவு போன் செய்தேன்.
'பதினெட்டு வருடமாகத் தப்பாகச் சொல்லியிருக்கிறீர்கள்.'
டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு அணைத்தார்.
'பத்தொன்பது வயதில் மலை தாண்டியவன் நான்.
அதுவரை அங்கே ஒரு சுவரும் கட்டியதில்லை.
அந்தச் சொல் எனக்கு வேண்டியிருக்கவே இல்லை.'

நாங்கள் இருவரும் காசு கரைவதைக் கேட்டோம்.

'என்ன சொன்னாய் அதை?'
'லாச்.'
'லாச்' என்றார் மெல்ல.
ஒரு கண்ணை மூடியிருப்பார்,
செங்கல் வரிசைக்கு மட்டம் பார்க்கையில் மூடுவாரே, அப்படி.

பக்கத்துக் கட்டிலில் ஃபத்மிரே
ஜெர்மன் பாடப்புத்தகத்தோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.
அவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டேன்.
புரட்டினாள். காய்ச்சல், கட்டில், ஊசி, உறவினர்.
'அந்தப் பாடம் இதில் இல்லையே' என்றாள்.