ஏழு நாள் பூட்டு

வெட்டூர்ணிமடத்தில், மருந்துக்கடைக்கு மேல்
இரண்டு மேசை, ஒன்றரை மின்விசிறி.
தட்டினால்தான் இரண்டாவது சுற்றும்.
மூன்று வருடம் அங்கே குனிந்திருந்து
நானும் ஷைனிலாவும் ஒரு விளையாட்டு செய்தோம்:
முட்டத்துக் கலங்கரை விளக்கம்,
ஒரு காவல்காரன், நாற்பது இரவு.
புயலில் படகுகளைக் கரைசேர்க்க வேண்டும்.
விலை இருநூற்று நாற்பத்தொன்பது.

வெள்ளிக்கிழமை வெளியிட்டோம். பதினொரு பேர் வாங்கினார்கள்.
ஞாயிறு இரண்டாம் பூசை முடிவதற்குள்
யாரோ தேங்காய் உரிப்பதுபோல் உரித்து
ஊருக்கெல்லாம் போட்டிருந்தான்.
மாதம் முடிகையில் அறுபதாயிரம் பேர்
எங்கள் விளக்கை ஏற்றினார்கள்.
எங்களுக்குக் கரண்டு பில் வந்தது.

அதனால் பூட்டு வாங்கினோம்.
வாடகைப் பூட்டு, டாலரில்;
அறை வாடகையைவிடக் கூடுதல்.
ஏழு நாளைக்கொருமுறை அது கூப்பிட்டுக் கேட்கும்
இவன் காசு கொடுத்தவன்தானா என்று.
பதில் வரும்வரை முட்டத்தில் விளக்கு எரியாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.
வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம்
முப்பது ரூபாய்க்கு வாங்கிய சிடியைப் பிரித்துப் பிரித்துத்தான்
நான் இந்த வேலையே படித்தேன்.
அதைச் செய்தவன் எந்த நாட்டுக்காரன்,
வாடகை கட்டினானா, கேட்டதில்லை.
மார்க்கர் பேனாவில் எழுதியிருந்த பெயரில்
எழுத்துப்பிழை இருந்தது. அது நினைவிருக்கிறது.

போன புதன் இரவு ஒரு குரல்பதிவு.
வள்ளவிளைக்காரன், ஆன்றோ ஜெனிஸ்டன்.
பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம்.

“அக்கா, நான் பைசா குடுத்தாக்கும் வாங்கினது.
எட்டாம் நாளு கேம் தொறக்கல்ல.
நடுக்கடல்ல எங்க போய் நெட்டு புடிக்க?
எனக்க கூட உள்ள ரொபின் சும்மா எறக்கினவன்.
அவனுக்கது ஒரு கொழப்பமும் இல்லாம ஓடுது.
அவனுக்க தோளுக்கு மேல எட்டிப் பாத்தாக்கும்
நான் முப்பதாம் ராத்திரி கண்டது.
இப்ப கொச்சி வந்தோம், தொறந்துட்டு.
வெளுப்புக்கு மறுபடியும் போவோம்.
பைசா திரிச்சு வேண்டாம். சொன்னேன், அவ்வளவுதான்.”

இரண்டு முறை கேட்டோம். பிறகு சண்டை.
வாங்க நினைக்காதவன் எடுத்தது நட்டமா என்றேன்.
“வள்ளத்துல கெடக்க மீனை எடுத்துட்டு
நான் வாங்கப் போறவன் இல்லண்ணு சொன்னா விடுவினுமா?”
மீன் எடுத்தால் மீன் குறையும், இது குறையவில்லையே.
“எனக்க மூணு வருசம் குறைஞ்சுதே.”

விளக்கு எந்தப் படகிடமும் சீட்டு கேட்பதில்லை
என்று நான் சொன்னது அழகாகத்தான் இருந்தது.
“விளக்குக்காரனுக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் வரும்”
என்றாள் ஷைனிலா.
அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

கடைசியில் நியாயம் எதையும் தீர்க்கவில்லை,
கணக்குதான் தீர்த்தது.
பூட்டோடு வந்ததையும் நான்கே நாளில் உடைத்துவிட்டார்கள்.
ஆக, அது இதுவரை வெளியே நிறுத்திய ஆள்
காசு கொடுத்தவன் மட்டும்.

வரி வரியாகக் கழற்றினேன்.
பூட்டை எடுக்கப் போனால்
அது தொட்ட இடமெல்லாம் உடைகிறது;
காற்று நின்றது, பிறகு கடலே காணாமல் போனது.
எல்லாம் சரிசெய்து புதிய பதிப்பை ஏற்றும்போது
நாலு பத்து. பெருமழை.
‘தம்பி, இதை இறக்கிக்கொள், இனிப் பூட்டாது’
என்று அனுப்பினேன்.

ஒற்றை டிக். சாம்பல் நிறம்.
ஐந்து மணிக்கும் ஒற்றை. பத்து மணிக்கும்.
பூட்டை எடுத்துவிட்டோம் என்ற சேதியும்
நெட்டு இருந்தால்தான் போய்ச்சேரும்.

ஷைனிலா மின்விசிறியைத் தட்டினாள். சுற்றியது.
“இனி காசு குடுக்கியவன் எதுக்குக் குடுப்பான்?”
நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்,
பிறகு நிமிர்த்தினேன்.